நாற்பது நிமிட ‘ம்’

ஒரு மனிதனின் வாழ்க்கைக் கதைக்கு என்ன விலை? எங்கள் தொழிலில் நூற்றுக்குப் பத்து. பழைய சாமான் விற்பவரைப் பேசவிட்டு ‘ம்’ போட்டுக்கொண்டே இருந்தால், மனம் உருகி அந்த அளவுக்கு விலையில் இறங்கிவிடுவார். கேட்க வேண்டியதில்லை. கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டால் போதும். பேரம் பேசியே வயிறு வளர்த்த குடும்பம் எங்களுடையது.

இது என் கண்ணால் கண்டது. கட்டுக்கதை என்பவர்கள் என் வலது உள்ளங்கையை மோந்து பார்க்கலாம்.

போன வாரம் வெளியூரிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள்.

“எங்கப்பா இருக்கிற வீட்டைக் காலி பண்ணணுமாம், வீட்டுக்காரர் சொன்னாரு. சாமானெல்லாம் எடுத்துக்குவீங்களாண்ணே?”

“எடுத்துக்கிட்டா போச்சு.”

“அப்பா எங்கிட்ட பேசி ஆறு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட என்னைப் பத்தி ஏதாவது சொன்னா… திட்டினாலும் சரி, அப்படியே எனக்குச் சொல்லுங்கண்ணே.”

“சொல்லாம இருப்பேனாம்மா?”

பிற்பகல் 2.10. மூன்றாவது மாடி. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரு நாற்றம்… இனிப்பும் அழுகலுமாகத் தொண்டையில் ஒட்டியது. நாறுகிற வீட்டில் சாமான் மலிவாகப் படியும். எனக்குச் சந்தோஷம்தான்.

பெரியவர் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார்.

“உக்காருங்க. கொஞ்சம் பேசணும்.”

“தாராளமா. நமக்கென்ன அவசரம்?”

அவர் பேச, நான் ‘ம்’ போட்டபடி எதிரே இருந்த தேக்கு அலமாரியைக் கண்ணால் அளந்தேன்.

2.25. மேசைமேல் பால் டம்ளர். ஏடு முழுக்கப் பச்சைப் பூஞ்சை. எடுத்து ஒரு வாய் குடித்தார். “ம்” என்றேன்.

2.40. ஒரு ஈ அவர் கண்முழிமேல் நடந்தது. இமைக்கவில்லை. இன்னொன்று வாய்க்குள் போனது… பேச்சு நிற்கவில்லை.

“கேக்குறீங்களா?”

“ம்… சொல்லுங்கய்யா.”

அவர் தொண்டைக்குள் களக்… களக்… எழுந்து ஓடியிருக்கலாம். அலமாரி விடவில்லை.

2.50. முடித்தார். விலை சொன்னேன். தலையாட்டினார். பேரம் படிந்தால் கைகொடுப்பது எங்கள் வழக்கம்.

கொடுத்தேன்.

ஈரம்.

இழுத்தேன்…

அவர் கைத்தோல் நகங்களோடு உரிந்து, கையுறைபோல என் கையோடு வந்தது.

மூன்று மாடியும் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கினேன். போலீஸ் வந்தது. கூட வந்த டாக்டர் சொன்னார்: “செத்து ஒன்பது நாள் ஆச்சு. நாக்கையே புழு தின்னுடுச்சு.”

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். நம்பினாளா, தெரியாது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என்னைப் பத்தி என்னண்ணே சொன்னாரு?”

அலமாரி உயரம் ஆறடி. அகலம் மூன்றரை. இடது கதவில் ஒரு கீல் பழுது. அத்தனையும் நினைவிருந்தது.

அவர் பேசியது நாற்பது நிமிடம். நான் போட்ட ‘ம்’ நூறுக்குக் குறையாது. காதில் தங்கியது இரண்டே வார்த்தை: “பாப்பாகிட்ட சொல்லுங்க.”

மீதி அத்தனையும் பாக்கி.