கடைசிவரை பார்த்தவர்

அந்த வீடியோ டேப்பின் மேல் என் கணவரின் கையெழுத்தில் "தீமிதித் திருவிழா" என்று ஒட்டியிருக்கும். உள்ளே இருந்தது எழுபதுகளில் எடுத்த ஒரு பிரெஞ்சுப் படுக்கையறைப் படம். கப்பலில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரங்கூனில் தாகேதாப் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில் என் கணவரும் அவர் அண்ணனும் கதவைச் சாத்திக்கொண்டு 'திருவிழா' பார்ப்பார்கள். நானும் நாத்தனாரும் அடுப்படியில் அவர்களுக்கு மீன் வறுத்துக்கொண்டிருப்போம். சாமி பேரை ஒட்டிக்கொண்டு பார்த்த வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. முப்பது தாண்டியவர், தையல் மிஷினை மிதித்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டார். ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டே ஊரில் இருந்த, மனைவியை இழந்த பானைச் சூளைக்காரர் ஒருவருக்கு அவரைக் கட்டிவைக்க வீட்டுக்கு மூத்தவரான அண்ணன் துடித்தார். "வேணாம்னா வேணாம்" என்று இவர் அசையவில்லை. ஒருநாள் ஆண்கள் வேலைக்குப் போனதும், "அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துருவமே" என்று டேப்பை எடுத்துப் போட்டார். நான் பயந்துபோய் வாசலில் காவல் நின்றேன். படம் முடிந்து டேப்பை எடுக்கப்போகிற நேரம் பார்த்து மின்சாரம் போய்த் தொலைந்தது. ரங்கூன் மின்சாரத்தை யார் நம்ப முடியும்? டேப் உள்ளேயே மாட்டிக்கொண்டது. சாயங்காலம் மின்சாரம் வந்ததும் மூத்தவர்தான் அதை வெளியே எடுத்தார். நாடா கடைசிவரை ஓடியிருந்தது. அவர்கள் ஒருநாளும் அவ்வளவு தூரம் ஓடவிட்டதில்லை.

"யாரு பாத்தது?"

"நான்தான். நீங்க பாக்கலாம், நான் பாக்கக்கூடாதா?"

"நீ பொம்பள!"

"உள்ள இருக்கறதும் பொம்பளதானே அண்ணே."

அறை விழுந்தது. அடுத்த மாதமே த்வாண்டேக்காரருடன் கல்யாணம். என் கணவர் கல்யாணத்துக்கு வெற்றிலை வாங்கிவரப் போனார். நாத்தனாரின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது நான் மெல்லக் கேட்டேன், "அதுல என்னதான் மதினி இருந்துச்சு?"

"முக்காவாசி இவனுங்களுக்காக எடுத்தது. திருப்பித் திருப்பிப் போட்டு அந்த எடமெல்லாம் கோடு கோடா தேஞ்சு கெடக்கு. ஆனா கடைசில படத்துல வர்ற அந்தப் பொம்பள பெட்டியத் தூக்கிட்டுத் தனியா ரயிலேறுறா. யாரும் அடிக்கல. அந்த எடம் மட்டும் புதுசா இருக்கு."

அந்தப் படம் எடுத்த வருடங்களில் பிரெஞ்சு நாட்டுப் பெண்கள் தங்கள் உடம்பு தங்களுடையது என்று தெருவில் இறங்கினார்களாம். பின்னால் ஒரு பத்திரிகையில் படித்தேன். அதற்கு விடுதலை என்று பேர் வைத்துப் படமாக்கி விற்றவன் ஆண், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தவனும் ஆண். அதிலிருந்து தனக்கானதைக் கண்டெடுத்த பெண்ணுக்குக் கிடைத்தது அறை.

போன வாரம் பழைய அலமாரியை ஒழிக்கும்போது அந்த டேப் கிடைத்தது. மூத்தவருக்குத் தலை நரைத்துவிட்டது. வளர்ந்த மகன்களிடம் அதைத் தூக்கிக் காட்டி, "இதுதாண்டா படம். கலை!" என்று அளந்தார்.

"கடைசில அந்தப் படம் எப்படி முடியும் அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எங்கிருந்து தெரியும்? முடிவைப் பார்த்த ஒரே ஆளை அவர்தானே த்வாண்டேக்குப் படகேற்றினார். அந்த ஆள் இன்னும் அங்கே சூளைச் சாம்பல் அள்ளிக்கொண்டிருக்கிறார்.