முந்தானை சொருகியாச்சா?

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்து, "அதே முறைப்பு!" என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அவர் முறைக்கவில்லை. படம் எடுக்க வந்தவரின் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு சரியாக நிற்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். இளவயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்து, அம்மாவையும் தங்கை என்னையும் காப்பாற்றிக்கொண்டே, புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர் வேலை கற்று, கிள்ளானை அடுத்த மேரு பக்கத்து ரப்பர் தோட்ட மருத்துவமனைக்கு வந்தார். போரில் ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். அவர் விட்டுப்போன மோட்டார் சைக்கிள், நோயாளிகளைப் பார்த்துவர அண்ணனுக்குக் கிடைத்தது.

பெட்ரோல் ஏது? ரப்பரிலிருந்து வடித்த எண்ணெயில்தான் ஓட்டம். டயரெல்லாம் ஒட்டுமேல் ஒட்டு. அதனால் புறப்படுமுன் டயரை அழுத்துவார், சங்கிலியைத் தொட்டுப் பார்ப்பார், பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் அண்ணியின் முந்தானை பின்சக்கரத்தில் சுற்றி, அண்ணி செம்மண்ணில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். அன்றிலிருந்து, "முந்தானை?" என்று அண்ணன் கேட்பார். "சொருகிட்டேங்க" என்று அண்ணி சொன்னால்தான் வண்டி நகரும். "தாலி கட்டுறப்பகூட ஐயர் இத்தனை தடவை கேக்கலண்ணே" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அண்ணிக்கு முதல் பிரசவம். வலி கண்டதும் வயிற்றைத் தொட்டுப் பார்த்த அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது.

"இது என் கைக்கு அடங்காது. கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். தாமதிச்சா ரெண்டு உயிரும் தங்காது" என்றார்.

தோட்டத்து லோரியை ஜப்பான்காரர்கள் எப்போதோ எடுத்துப்போயிருந்தார்கள். மாட்டுவண்டியை நம்ப முடியாது. மிச்சம் இருந்தது மோட்டார் சைக்கிள்தான். வலி வரும்போது அண்ணி பிடியை விட்டுவிடுவாரோ என்று பயந்து, அம்மாவின் பழைய நூல் சேலையால் அவரைத் தம் முதுகோடு சேர்த்துக் கட்டினார் அண்ணன். புண்ணுக்குக் கட்டுப் போட்டுப் பழகிய கை அல்லவா, முடிச்சுமேல் முடிச்சு!

"முந்தானை?"

"சொருகிட்டேன்! கிளம்புங்க!" என்று அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினார்.

மாற்றுத் துணி மூட்டையோடு நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். ஜப்பான் சிப்பாய்கள் கண்ணில் படாமலிருக்க, என்னைப் போன்ற வயசுப் பெண்களுக்கு முடியை வெட்டிக் காற்சட்டை மாட்டிவிட்ட காலம் அது. சைக்கிள் மிதிக்க அது வசதியாகத்தான் இருந்தது. நம்பினால் நம்புங்கள், மோட்டார் சைக்கிளுக்கு நான் பின்தங்கவே இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

"அண்ணே, கொஞ்சம் வேகமாப் போங்களேன்!" என்று அழுதேன்.

"விழுந்தா போய்ச் சேரவே மாட்டோம். வாயை மூடிக்கிட்டு வா" என்றார்.

கிள்ளான் நுழைவில் ஜப்பானியக் காவல். வண்டியை விட்டு இறங்கிக் குனிந்து வணங்காதவருக்கு அறை நிச்சயம். அண்ணன் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். வழியெல்லாம் இழுபட்டு இறுகிப்போயிருந்த முடிச்சு அசையவில்லை. சிப்பாய் கத்திக்கொண்டே துப்பாக்கியோடு வந்தான். இருவரும் ஒட்டியபடியே தட்டுத்தடுமாறி இறங்கினார்கள். அண்ணன் குனிந்தார். அவர் முதுகோடு அண்ணியும் சாய்ந்து, "ஐயோ அம்மா!" என்று அலறினார். சிப்பாய் அண்ணியின் வயிற்றைப் பார்த்தான், முடிச்சைப் பார்த்தான், குபீரென்று சிரித்துவிட்டான். போங்கள் என்று கைகாட்டினான்.

அடித்துப்பிடித்து ஏறி உட்கார்ந்தார்கள். அப்போதும் என்ன கேட்டார் தெரியுமா அந்த மனிதர்?

"முந்தானை?"

ஆஸ்பத்திரி நர்ஸ் கத்தரிக்கோலால்தான் அந்தச் சேலையை வெட்டிப் பிரித்தார். தாயும் பிழைத்தார், பிள்ளையும் பிழைத்தது. அந்தப் பிள்ளைதான் இந்த மலரை அச்சிட்டு உங்கள் கையில் கொடுத்திருக்கும் எங்கள் பெரியவன்.

பின்னாளில் தோட்டத்தில் யார் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் அண்ணனிடம் காட்டிவிட்டுத்தான் ஓட்டுவார்கள். அவரைக் கண்டால் பெண்கள் தாமாகவே முந்தானையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். பேரன் பேத்திகளைக் கண்ணாரக் கண்டு, ஒருநாள்கூடப் படுக்கையில் விழாமல், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நிறைவான வாழ்வு. எனக்கு அழுகை வருகிறது, ஆனாலும் குறை சொல்ல எதுவும் இல்லை.

தோள் கொடுத்த உறவினர்களுக்கும், எங்களுக்கு உலை வைத்துச் சோறு போட்ட அண்டைவீட்டாருக்கும் கைகூப்புகிறோம். இன்னும் ஒருவர் பாக்கி, அவர் பெயர் தெரியவில்லை. அண்ணனை ஏற்றிய வேன் உறுமியபோது, வாசலில் நின்ற அண்ணி முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினார்.

"சொருகிட்டேங்க. கிளம்புங்க" என்றார்.

வேன் ஓட்டிய தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரிங்க ஆன்டி, மெதுவாவே போறேன்" என்றார். சுடுகாடு வரைக்கும் அப்படியே போனாராம். சைக்கிள்காரர்கள்கூட முந்திக்கொண்டு போனார்களாம். அந்தத் தம்பிக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.