பிரேக் கம்பியில் மாட்டிய கால்

பசறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே ஓர் ஓடை இறங்குகிறது. அதன் கரையோரம் இருக்கும் ஒடுக்கமான காட்டில் சிறுத்தை நடமாடுகிறது என்று ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குழு சொன்னபோது தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யாரும் நம்பவில்லை. அவர்கள் மரங்களில் கட்டிய தானியங்கிக் கமராக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. கொஞ்ச நாளிலேயே ஒரு தாய்ச் சிறுத்தையும் குட்டியும் படத்தில் விழுந்தன. பெண்கள் பேச்சும் சிரிப்புமாகக் கொழுந்து பறிக்கும் மலைக்கு அடியில் அவை பகலெல்லாம் படுத்துக்கிடந்து, சத்தம் அடங்கிய பிறகு எழுந்து நடந்திருக்கின்றன.

ஒருநாள் பிற்பகல் பற்றரி மாற்றப் போனேன். கமராவை எட்டுவதற்கு முன்பே, சருகில் வைத்த காலை எதுவோ கவ்வி இழுத்தது. குப்புற விழுந்தேன். காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்கு. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி. மறுமுனை மரத்தடியில் முறுக்கிக் கட்டியிருந்தது. கைக்கு எட்டவில்லை. இழுக்க இழுக்க இறுகியது; கணுக்காலில் பதிந்த கம்பியை விரலால் நெகிழ்த்தவும் முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. கத்தினேன். மலையில் ஆட்கள் கலைந்துவிட்டிருந்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

சிறுத்தைக்குக் கம்பி பெரும்பாலும் இடுப்பில்தான் மாட்டும் என்று குழுவின் மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். திமிறத் திமிற உள்ளுறுப்புகள் நசுங்கும். அவிழ்த்துவிட்ட பிறகும் செத்துப்போவதுண்டு. அசையக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் புதர் சலசலத்தபோதெல்லாம் கால் தானாக உதறியது. கணுக்காலில் ரத்தம் கசிந்தது.

கடைசியில் ஒருவர் கத்தியோடு வந்தார். அடுத்த லயத்துக்காரர். என்னைக் கண்டதும் அப்படியே நின்று, திரும்பி நடக்கப் பார்த்தார்.

"மாமா, போயிறாதீங்க!"

"சத்தம் போடாத புள்ள. நான் வச்சதுன்னு தெரிஞ்சா பொலிசு புடிச்சிட்டுப் போயிரும்."

"மொதல்ல கால எடுத்து விடுங்க."

மண்டியிட்டார். கம்பி இறுகியிருந்ததில் முடிச்சு பிடிபடவில்லை. "பன்னிக்குத்தான் வச்சேன். போட்ட கெழங்கு பூராத்தையும் தோண்டிருச்சு. புள்ளைங்களுக்கு என்னத்தக் குடுக்க?"

"இதுல சிறுத்தப்புலி மாட்டுனா என்ன செய்வீங்க?"

"என்ன செய்றது? கிட்ட போக முடியுமா? ஓடித்தான் போகணும்."

கம்பி தளர்ந்தது. கொஞ்ச நேரம் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு, "மத்த சுருக்கையும் இப்பவே அவுத்துருங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் நிப்பேன்" என்றேன்.

ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஒரு சுருக்கு, தாயும் குட்டியும் நடந்த தடத்திலேயே இருந்தது. பிறகு என்னைத் தாங்கிப் பிடித்து மேலே ரோட்டுக்குக் கொண்டுவந்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்; பொலிசுக்கு யாரும் போகவில்லை. அவருடைய கிழங்குத் தோட்டத்துக்கு ஒரு வேலி போட்டுக் கொடுக்கக் கேட்டேன். அதற்கு வழியில்லை என்றார்கள். அவர் மறுபடி சுருக்கு வைக்கவில்லை. அந்தப் போகம் பன்றிகள் கிழங்கில் பாதியைத் தின்றுவிட்டன. லயங்களுக்கு ஏறும் படிக்கட்டு ஒடுக்கம். எதிரே வந்தால் அவர் சுவரோடு ஒதுங்கி, நான் தாண்டும்வரை தரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.