மாதாவுக்குப் பின்னால் ஒரு மஸில் கார்

என் மஸில் கார் இன்னும் எதுவும் மாற்றாமல், கம்பெனியிலிருந்து வந்தபடியேதான் இருக்கிறது. அதில் முதன்முதலாகப் பூட்ட, எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளி வலுக்கூட்டும் சூப்பர்சார்ஜர் ஒன்றை மாதக்கணக்காக வீடியோ பார்த்துத் தெரிவுசெய்துவிட்டேன்.

இன்று இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ பகுதியில் இருக்கும் மெக்கானிக் ஜெரோம் அண்ணையிடம் அதன் படத்தைக் காட்டினேன்.

"இது எஞ்சின் வேகமாச் சுத்தினாத்தான் காத்தைத் தள்ளும். கடைசியா எப்ப நாலாம் கியர் போட்டனி?"

யோசித்தேன். பலெர்மோவில் எங்கள் ஆட்களின் கலியாணங்களுக்கெல்லாம் மாப்பிள்ளை கார் என்னுடையதுதான். கோயில் ஊர்வலத்தில், தோளில் தூக்கிவரும் மாதா சுருவத்துக்குப் பின்னால் ஊர்வதும் அதுதான்.

"எப்பவும் முதலாம் கியர்தான் அண்ணை."

"அப்ப ரேடியேட்டருக்கு நல்ல ஃபேனாப் போடு. ஊர்ந்துகொண்டே போனா எஞ்சின் கொதிச்சிடும்."

பதில் சொல்லுமுன் போன் அடித்தது. கோயில் கமிட்டித் தலைவர்.

"தம்பி, ஞாயிறு ஊர்வலம். மெதுவா வாரும். போனமுறை மாதாவை முந்தப் பாத்தனீர் எண்டு சனம் கதைக்குது."

முந்நூறு குதிரைவலுவோடு செபமாலை வேகத்தில் போகிறவர்கள் வேறு யாரும் இருக்கிறீர்களா? ஃபேன் விற்கும் கடையையாவது சொல்லுங்கள்.