சுருதி ஏறிய இசைத்தட்டு

பழுதுபார்க்க வந்ததன் மூடியை உடனே கழற்றமாட்டார் அண்ணன். முதலில் சலவை இயந்திரத்தின் முதுகில் காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "ஓட விடுங்க... ம், போதும். பெல்ட்டு தொய்ஞ்சிருக்கு." எந்தக் கோளாறுக்கும் இதுவே அவருடைய முதல் சந்தேகம் என்பதால் தெருவில் அவர் பெல்ட் அண்ணன்.

"எங்க மாமியாருக்கும் பெல்ட்டுதான் தொய்ஞ்சிருக்குபோல, வந்து பாருங்கண்ணே" என்பாள் எதிர்வீட்டுக்காரி. சிரிப்பார். ஆனால் ஒரு பாட்டை முணுமுணுக்கக்கூட மாட்டார். குளியலறையில் அவர் பாடி மனைவியே கேட்டதில்லை.

இளவயதில் ப்ளூஸ் ராக் இசைக்குழு ஒன்றில் பாடியவர். ஒரே நாளில் பதிவான முதல் இசைத்தட்டு, அதுவே கடைசியும். அதில் அவர் குரல் மெலிந்து, கூராகி, அழுகையின் விளிம்பில் நிற்கும். கேட்டவர்கள் கிறங்கினார்கள். மேடையில் அந்த உயரம் எட்டவில்லை. தட்டோடு ஒத்துப்போகக் கிடார்காரர்கள் தந்திகளை முறுக்கி ஏற்றிக்கொண்டார்கள். தொண்டைக்கு முறுக்காணி இல்லை. "தட்டுல பாடினவனக் கூட்டிட்டு வாங்கடா!" என்று ஒருவன் கத்தினான். அரங்கமே சிரித்தது. குரல் உடைந்துவிட்டது என்று விலகினார். குழுவும் கலைந்தது.

தட்டு மட்டும் சாகவில்லை. இன்றைக்கும் இளைஞர்கள் அந்த இரண்டுங்கெட்டான் சுருதிக்கே கிடாரை ஏற்றுகிறார்கள். அதுதான் அசல் என்று சண்டை வேறு.

போன வாரம், தட்டை மறுபடி வெளியிடப்போகும் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் கடைக்குத் தொலைபேசியில் அழைத்தார். அண்ணன் கையெல்லாம் கிரீஸ். மனைவி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பழைய டேப்ப சோதிச்சுப் பார்த்தோம். பின்னாடி கரண்ட்டோட இரைச்சல் லேசா பதிஞ்சிருக்கு. அது எப்பவும் ஒரே சுருதியில இருக்கணும், இதுல மேல ஏறிக் கேக்குது. அன்னிக்கு ரெக்கார்டிங் மெஷின் மெதுவா ஓடியிருக்கு சார். அத சரியான வேகத்துல ஓட்டினதும் தட்டுல எல்லாமே ஏறிடுச்சு. நீங்க அந்த உயரத்துல பாடவே இல்ல."

"மெதுவாவா? எதனால?"

"பெல்ட்டு தொய்ஞ்சிருக்கும்."

மனைவி வாய்விட்டுச் சிரித்தார். கணவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. கன்னத்தில் அறை வாங்கியவர்போல் நின்றிருந்தார் அவர்.

"அப்ப... என் குரல்?"

"அதுக்கென்ன சார், நல்லாத்தானே இருந்துச்சு. சரி பண்ணிப் போடலாமா? இல்ல, எல்லாரும் கேட்டுப் பழகின மாதிரியே விட்டுடலாமா?"

"அப்புறம் பேசுவாங்க" என்று மனைவி துண்டித்தார். பின்னால் ஓடவிட்டிருந்த இயந்திரத்தில் யாருடையதோ துணி, பாதி நனைந்து சுற்றிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பரணிலிருந்து தட்டை அவரே இறக்கினார். பிளேயரில் சுழலவிட்டு முள்ளை வைத்தார். எவனோ ஒருவனின் கூரான குரல் கிளம்பியது. சுட்டுவிரலைத் தட்டின் விளிம்பில் மெல்ல அழுத்தினார். கிடார் இறங்கியது. குரலும் இறங்கியது, இறங்கி ஓரிடத்தில் தடித்து நின்றது.

"ஏங்க," என்றார் மனைவி, "இது நீங்க."

நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருந்தது. விரலை எடுக்காமல், கூடப் பாட வாயைத் திறந்தார்.