கூண்டைத் திறக்க மாட்டேன்

பறவை வளர்ப்பவர்களிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "பாவம், அத பறக்க வுடக் கூடாதா?" கேட்பவர்கள் யாரும் ஒருநாள்கூட அதற்குத் தண்ணீர் மாற்றியிருக்க மாட்டார்கள். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் மாடி வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

என்னுடையது காக்டீல் என்கிற சின்னக் கிளி வகை. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. அண்ணாமலை நகரில் என்னோடு வேலை பார்த்த அக்கா, குவார்ட்டர்ஸில் ஜோடியாக வளர்த்தார். ஒருநாள் பெண் பறவை ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. சாயங்காலத்துக்குள் காக்காய்கள் கொத்திப் போட்டுவிட்டன. கூண்டிலேயே பொரிந்து வளர்ந்ததற்கு வெளியே ஒளியவும் தெரியாது, இரை தேடவும் தெரியாது. அக்காவுக்கு மனசு விட்டுப்போய், மிச்சமிருந்ததை என்னிடம் கொடுத்துவிட்டார்.

வளர்ப்பது ஒன்றும் சொகுசான வேலை இல்லை. இறகிலிருந்து வெள்ளை மாவு உதிர்ந்து டிவி, மேசை, என் கறுப்புப் புடவை எல்லாவற்றிலும் படியும். தினைக் கதிர் தொங்கவிட்டால் பாதி வாயில், பாதி தரையில். ஆனால் நான் படியேறும் சத்தம் கேட்டதும் விசிலடிக்கும். என்னைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்படுகிற உயிர் அந்த வீட்டில் அது ஒன்றுதான். வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. குறை அவரிடம்தான் என்று டாக்டர் சொன்னார். தன் அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். சரி என்றேன். அதற்குப் பிறகு ஏச்சும் எனக்கு, விரதமும் எனக்கு, வளைகாப்பு வீடுகளில் பின்வரிசையும் எனக்கு.

போன தையில் கீரப்பாளையத்திலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், போன் செய்தார். பறவையை வீட்டில் அடைத்து வைத்தால் வயிற்றில் கரு தங்காது என்று ஜோசியர் சொன்னாராம். அமாவாசையன்று நம் வயலில் திறந்துவிட்டால் தோஷம் போய்விடுமாம். முடியாது என்றேன்.

அமாவாசையன்று நான் வேலையில் இருந்தபோது வீட்டுக்காரர் போன் செய்தார். "கூண்டோட ஊருக்கு வந்திருக்கேன். அம்மா திருப்திக்கு வுட்டுடலாம், கோச்சிக்காத." அண்ணாமலை நகரிலிருந்து அப்படியே ஆட்டோ பிடித்தேன்.

அறுத்த வயலின் வரப்பில் அத்தை கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் கொண்டை விறைத்து நின்றது. பயந்தால் அப்படித்தான் நிற்கும். மேலே கரண்ட் கம்பியில் காக்காய்கள். அத்தை கூண்டுக் கதவில் கை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"வாயில்லா ஜீவன் சாபம் பொல்லாததும்மா" என்றார்.

"வெளிய வுட்டா செத்துடும் அத்தை. அதுதான் சாபம்."

என்னை என்ன சொல்லியிருந்தாலும் அன்றும் பொறுத்திருப்பேன். இது ஒரு உயிர். வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "குறை எங்கிட்டதாம்மா. அவகிட்ட இல்ல."

அத்தை என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். பிறகு என்னிடம்தான் கேட்டார். "இத்தன வருஷமா நீ ஏம்மா இத சொல்லல?"

அதுவும் என் தப்புதான். வந்த கோபத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "உங்க புள்ளையக் கேளுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுக் கூண்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன். கடலூர் பஸ்ஸில் எனக்கும் பறவைக்கும் மட்டும் டிக்கெட் எடுத்தேன்.