பதினான்காவது டீ

மகனைக் கடலில் பறிகொடுத்த ஒரு தாயின் பேச்சை, மண்டபம் நிறைய ஆட்கள் இருந்த கூட்டத்தில் நான் வேடிக்கையாக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். வாய் தவறி வந்துவிட்டது என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய். முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் நான். எந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தினால் வகுப்பு சிரிக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தித்தான் சொன்னேன்.

கூட்டம் விழுப்புரத்தில் நடந்தது. சுற்றுலா வருகிறவர்களின் பாதுகாப்புக்காக அரசு ஒரு திட்டம் யோசித்திருந்தது. கடற்கரைக்கோ கோட்டைக்கோ கூட்டமாக வரும் வண்டிகள் நுழைவிடத்தில் நின்று, வந்தவர்களின் பெயரையும் போன் நம்பரையும் பதிய வேண்டும். திரும்பும்போது அதே ஆட்கள் இருக்கிறார்களா என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். வேன் எங்கே போகிறது என்று காட்டும் கருவி வேனிலேயே இருக்க வேண்டும். லாட்ஜில் தங்குகிறவர்களின் விவரம் அன்றைக்கே போலீசுக்குப் போக வேண்டும். இதைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கத்தான் அந்தக் கூட்டம்.

மக்கள் நினைத்ததை ஒளிக்கவில்லை. விக்கிரவாண்டியில் ஓட்டல் வைத்திருப்பவர் முதலில் எழுந்தார்.

"டோல்கேட்ல ஒரு வாட்டி நிக்கறான், செக்போஸ்ட்ல ஒரு வாட்டி நிக்கறான். அப்பறம் என் கடையில எப்ப சார் நிப்பான்?"

கைதட்டல். ஒரு கல்லூரி மாணவி, "நான் யாரோட எங்க போறேன்னு உங்களுக்கு எதுக்கு சார்?" என்று கேட்டாள். அதற்கும் கைதட்டல். ஒரு வேன் ஓட்டுநர், "எழுதறதுக்கு ஒருத்தன் நின்னா, எங்க கையப் பாக்கறதுக்கு இன்னொருத்தன் நிப்பான். பேஜாருங்க" என்றார். எல்லாமே நியாயமான பயங்கள்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் மாப்பிள்ளைக்குத் திண்டிவனத்தில் இரண்டு வேன்கள் ஓடின. வேன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து, "சார், நீங்க பேசுங்க, உங்களுக்குத்தான் வார்த்தை வரும்" என்று என்னை அழைத்துப் போயிருந்தார்கள். நானும் பேசினேன். குடிமக்களை எண்ணிக்கொண்டே இருந்த அரசுகளைப் பற்றிச் சொன்னேன். நன்றாகப் பேசினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா எழுந்தார். கண்டமங்கலம் பக்கம் ஒரு ஊர். கூலி வேலை. மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது அவர் ஒருவர்தான். மைக்கை வாயில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு பேசினார்.

"எம்புள்ள திண்டிவனத்துல கம்பெனி வேலையில இருந்தான். லீவு நாளு, கூட வேல செய்யறவங்க வேன் புடிச்சிக்கினு மரக்காணம் பக்கம் கடலுக்குப் போனாங்க. பதினாலு பேரு. சாயங்காலம் திரும்பி வந்துகினு இருக்கறப்ப ரோட்டுல டீ குடிக்க எறங்கனாங்க. பதினாலு டீ சொன்னாங்க. எல்லாரும் குடிச்சாங்க, ஒரு டீ மிஞ்சிச்சி. அப்பதாங்க அவன் வண்டியில இல்லன்னு தெரிஞ்சிது. கடலாண்டயே யாருனா எண்ணியிருந்தா..."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. மண்டபம் அமைதியாகிவிட்டது. நாங்கள் அதுவரை பேசியதெல்லாம் அந்த அமைதியில் கரைந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. மேடையில் இருந்த அதிகாரி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த வேன்காரர் என் தொடையைத் தட்டி, "சார், எதுனா சொல்லுங்க சார்" என்றார்.

எழுந்தேன். "அம்மா சொல்றதப் பார்த்தா, இந்தத் திட்டமே தேவையில்ல போலிருக்கே" என்றேன். நிறுத்தினேன். "ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தா போதும். எண்ணிக்கை தெரிஞ்சிடும்."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அதிகாரிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்றார், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாத மாதிரி. பிறகு மைக்கைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். செருப்பு போட்டுக்கொண்டு வந்த ஒருவரிடம் நான் அப்படிப் பேசியிருப்பேனா? லாட்ஜ் முதலாளியின் மகன் செத்திருந்தால் பேசியிருப்பேனா? மாட்டேன்.

திண்டிவனம் திரும்பும்போது பஸ்ஸில் என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தார்கள். "ஒரே போடு சார்" என்றார்கள். வீட்டுக்கு வந்து என் மனைவியிடமும் அதைச் சொல்லிக் காட்டினேன், அதே மாதிரி நிறுத்தி. அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"ஏங்க, அந்தப் பையன் பேரு என்ன?"

"தெரியல. அந்தம்மா சொல்லல."

"நீங்க கேக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தத் திட்டம் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. என் ஒரு வாக்கியத்தால் அது நின்றது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அதுவும் ஒரு கர்வம்தான். ஆனால் மனைவி கேட்ட கேள்வி என்னை விடவில்லை. சில மாதங்கள் கழித்து, ஒரு காலையில் விழுப்புரம் போய்ப் பாண்டிச்சேரி பஸ் ஏறிக் கண்டமங்கலத்தில் இறங்கினேன். கடலில் செத்த பையன் என்று கேட்டதும் வழி காட்டினார்கள்.

வீட்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் இருந்தது. வெயிலில் நீலம் வெளுத்து, முகம் பாதி போயிருந்தது. பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. படித்துக்கொண்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த அம்மா வாசலில் மல்லாட்டைச் செடிகளைக் குவித்துப் போட்டுக் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"டீ வாங்கிக் குடுக்கச் சொன்ன சாரு."

"ஆமாம்மா. நான் பேசினது தப்பு. மன்னிப்பு கேட்கத்தான் வந்தேன்."

கை நிற்கவில்லை. காய்கள் கூடையில் விழுந்துகொண்டே இருந்தன. நிமிராமலே பேசினார்.

"என்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப் போவுது? நீங்க என்னப் பாத்து சொல்லல. அவங்களப் பாத்து சொன்னீங்க. சிரிச்சது அவங்கதான். அவங்ககிட்ட போயி சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பையனின் பெயரைச் சொன்னேன். அவளும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

பிறகு, சிரித்தவர்களைத் தேடிப் போனேன். எனக்குத் தெரிந்தவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். விக்கிரவாண்டி ஓட்டல்காரரிடம் போய், அன்று நான் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னது தவறு என்றேன். "எந்தம்மா சார்?" என்றார். அன்று வந்திருந்த லாட்ஜ்காரர் ஒருவருக்குக் கூட்டமே மங்கலாகத்தான் நினைவிருந்தது. "சமோசா குடுத்தாங்களே, அந்தக் கூட்டமா?" என்றார். எங்கே போனாலும் அப்படித்தான். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய சிரிப்பு யாரிடமும் இல்லை.

கடைசியாகத் திண்டிவனம் வேன் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே மறக்கவில்லை. அங்கே இருந்தது வேறு. ஒரு வேன் கிளம்பத் தயாராக இருந்தது, ஒருவன் மட்டும் பெட்டிக்கடையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் ஹாரன் அடித்துக் கத்தினார்.

"டேய், ஜல்தி வாடா, ஒரு டீ மிஞ்சுது!"

ஸ்டாண்டே சிரித்தது. யாராவது தாமதமானால், யாராவது காணாமல் போனால், அங்கே அதுதான் பேச்சு. எங்கிருந்து வந்தது என்று அந்த ஓட்டுநருக்குத் தெரியவில்லை. "எல்லாரும் சொல்றாங்க சார், நானும் சொல்றேன்" என்றார். நான் அந்தப் பையனின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் "ச்சே, பாவம்" என்றார். என் எதிரில் அதற்குப் பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் பத்தடி நடந்து போயிருப்பேன், பின்னாலிருந்து காதில் விழுந்தது. "எத்தினி டீடா?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் ஏதோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

இரண்டாம் முறை கண்டமங்கலம் போனபோது இதை மறைக்காமல் அந்த அம்மாவிடம் சொன்னேன். மறைத்திருக்கலாம். மறைத்தால் முதலில் செய்ததைவிடப் பெரிய தப்பு என்று தோன்றியது. கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். புடவைத் தலைப்பு வாயில் இருந்தது. அப்புறம், நான் நினைத்தே பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"அப்படிச் சொல்லிச் சிரிக்கறாங்களே சார், அப்பவாவது எண்ணறாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஸ்டாண்டில் போய் நின்றேன். யாரும் எண்ணவில்லை. மாப்பிள்ளையின் வண்டியிலும் எண்ணவில்லை. கதவைச் சாத்தினார்கள், கிளம்பினார்கள். ஒரு வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை பேர்னு எண்ணுப்பா" என்றேன். ஓட்டுநர் என் வயதைப் பார்த்து மறுக்காமல் எண்ணினார். பதினேழு. ஒரு துண்டுத் தாளில் எழுதி முன்கண்ணாடியில் செருகச் சொன்னேன். கடலை விட்டுக் கிளம்பும்போது அதைப் பார்த்து இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன். மாலையிலும் போய் நின்று, எண்ணினீர்களா என்று கேட்டேன்.

இப்போது ஒன்றரை வருடமாகப் போகிறேன். ஞாயிறு, பொங்கல் விடுமுறை, கோடை விடுமுறை. மாப்பிள்ளை, "மாமா, ஊரே சிரிக்குது, எனக்குத் தலகாட்ட முடியல" என்று சண்டை போட்டு, பேசுவதையே குறைத்துக்கொண்டுவிட்டார். எனக்கு அங்கே பெயர் வைத்துவிட்டார்கள். டீ சார். தூரத்தில் என் தலை தெரிந்ததுமே, "டீ சார் வந்துட்டாருடா, எண்ணு எண்ணு" என்கிறார்கள். வேனுக்குள் இருக்கும் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்னைக் கேலி செய்துகொண்டே ஓட்டுநர் எண்ணுகிறார். போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று ஞாயிறு போகவில்லை. அந்த மூன்று ஞாயிறும் எண்ணினார்களா என்று கேட்டேன். "எண்ணனோம் சார்" என்றார்கள். எண்ணியிருக்க மாட்டார்கள்.

சென்ற மாதம் கண்டமங்கலம் போயிருந்தேன். பேனரை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். எத்தனை முறை போனாலும் அந்த வீட்டில் தண்ணீர்தான். டீத்தூள் வாங்குவதையே விட்டுவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை சொன்னாள். மூன்று ஞாயிறு விட்டுப்போனதைச் சொன்னேன். எனக்கு வைத்திருக்கும் பெயரையும் சொன்னேன்.

"அப்படிக் கூப்புட்டா உங்களுக்குக் கஷ்டமா கீதா சார்?"

"இருக்கும்மா."

அவர் சொம்பை வாங்கிக்கொண்டார்.

"இருக்கட்டும்" என்றார்.